ஒரு மாம்பழமும் ஒரு வாளைமீனும்: இலக்கியச் சொற்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

மாலை நேரத்தில் சில பிள்ளைகள் என்னிடம் தமிழ் படிக்க வருகிறார்கள். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு. அணி விளக்கம் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார்கள்: அணி இலக்கணம், சான்று, உவமை, உவமேயம், உவம உருபு, விளக்கம். வரிசை பிசகாது, மதிப்பெண்ணும் குறையாது. ஒரு நாள் "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்ற குறளை நடத்தும்போது கேட்டேன்: "பொறுமைக்கு எத்தனையோ உவமை சொல்லலாமே, வள்ளுவர் ஏன் நிலத்தைச் சொன்னார்?" யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "தோண்டுறவன் நிக்கிறதே அந்த நிலத்து மேலதானே சார். குத்துறவனையே அது தாங்கிக்கிட்டு இருக்கு."

அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

உவமை, உருவகம், உள்ளுறை, படிமம், முரண்நகை என்ற சொற்களெல்லாம் நாம் வாசிக்கும்போது ஏற்கெனவே உணர்ந்துவிட்ட ஒன்றுக்கு வைத்த பெயர்கள். புளியங்காயைக் கடித்தவனுக்குப் 'புளிப்பு' என்ற சொல் உடனே புரியும். கடிக்காதவன் வரையறையை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் பல் கூசாது. அதனால் இந்தக் கட்டுரையில் முதலில் ஒரு பாட்டைக் கடித்துப் பார்ப்போம், பெயர்களை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

குறுந்தொகையின் எட்டாவது பாட்டு இது. பாடியவர் ஆலங்குடி வங்கனார். ஆறே வரி:

கழனி மாத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

பழைய சொற்களைப் பார்த்து மிரள வேண்டாம். மாத்து என்றால் மாமரத்தினுடைய என்று பொருள். உகுதல் உதிர்தல். பழனம் வயலை ஒட்டிய நீர்நிலை. கதூஉம் என்றால் கவ்வும். ஆடி என்பது கண்ணாடி, பாவை அதில் தெரியும் உருவம். மேவன என்றால் விரும்பியவை. இனி மொத்தமாகப் பாருங்கள்: "வயலோரத்து மாமரத்தில் முற்றிக் கனிந்து விழும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் அவன். எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையைத் தூக்கினால் கையைத் தூக்கி, காலைத் தூக்கினால் காலைத் தூக்கும் கண்ணாடிப் பொம்மை மாதிரி, தன் மகனுடைய தாய் விரும்பியதை எல்லாம் செய்கிறான்."

சரி, இதைச் சொல்வது யார்?

பேசுவது யார் என்ற கேள்வி

பாட்டை எழுதியவர் ஆலங்குடி வங்கனார். பாட்டுக்குள் பேசுவது அவரில்லை, ஒரு பெண். தலைவன் மனைவியை விட்டு வந்து பழகிய இன்னொரு பெண், அதாவது காதற்பரத்தை. மனைவி தன்னைப் பற்றிப் பழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, மனைவியின் பக்கத்து ஆட்கள் காதில் விழும்படி இதைச் சொல்கிறாள். பாட்டோடு வரும் சிறு குறிப்பு இந்தச் சூழலைத் தருகிறது. ஒருவர் இப்படிப் பேசுவதாகப் பாட்டை அமைப்பதற்குக் கூற்று என்று பெயர். தலைவி கூற்று, தலைவன் கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, பரத்தை கூற்று என்று பலவிதமாக வரும்.

காதல் வாழ்வைப் பாடும் அகப்பாடலில் கவிஞர் தம் குரலில் பேசுவதில்லை. பாத்திரங்களுக்கும் ஊர் பேர் கிடையாது. அகத்திணையில் இன்னார் என்று ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியமே விதிக்கிறது. அதனால்தான் 'ஊரன்', 'நாடன்', 'தன் புதல்வன் தாய்' என்று மட்டும் வருகிறது. பெயர் இல்லாததால் இரண்டாயிரம் ஆண்டு கழித்து வாசிக்கும் நாம் அந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் புரிந்துகொண்டால் இன்றைய சிறுகதையில் வரும் கதைசொல்லி என்ற சொல்லும் தானாகப் புரிந்துவிடும். கதையில் 'நான்' என்று வந்தால் அது எழுத்தாளர் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். "ஆசிரியர் சின்ன வயதில் பணம் திருடியிருக்கிறார்" என்று ஒரு மாணவன் விடைத்தாளில் எழுதியிருந்தான். திருடியது கதைசொல்லி. அவன் எழுத்தாளர் படைத்த ஆள். ஆலங்குடி வங்கனார் ஒரு பெண்ணின் குரலில் பேசியது மாதிரிதான் இதுவும். விடை எழுதும்போது 'கவிஞர் கூறுகிறார்' என்று எழுதும் முன்னால், பேசுவது உண்மையில் யார் என்று ஒரு நொடி யோசியுங்கள். பாதித் தவறுகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மாமரமும் மீனும் எதற்கு?

காதற்பரத்தைக்குக் கோபம். அவள் நேராகத் திட்டியிருக்கலாம். அதற்கு முன்னால் ஏன் மாம்பழம், மீன், குளம் என்று இரண்டு வரி?

முதலில் இடத்தைக் கவனியுங்கள். வயல், வயலோரத்து மரம், நீர்நிலை. இது மருத நிலம். சங்க அகப்பாடல்கள் பெரும்பாலும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து திணைகளுக்குள் அடங்கும். ஒவ்வொரு திணையிலும் மூன்று அடுக்கு உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் மரம், பூ, பறவை, விலங்கு, மக்கள், தொழில், உணவு, தெய்வம் எல்லாம் கருப்பொருள். அந்தத் திணைக்கு உரிய மனநிலை உரிப்பொருள். மருதத்துக்கு முதற்பொருள் வயலும் வயல் சார்ந்த இடமும், பொழுது வைகறை. மாவும் வாளையும் கருப்பொருள். உரிப்பொருள் ஊடல், அதாவது தலைவன் மேல் வரும் பிணக்கு. எனவே 'கழனி' என்ற முதல் சொல்லைக் கேட்டதுமே, பழகிய வாசகருக்கு இது சண்டைப் பாட்டு என்று தெரிந்துவிடும். மேடையில் திரை விலகியதும் பின்னால் தொங்கும் ஓவியத்தைப் பார்த்து இது அரண்மனைக் காட்சி, இது காட்டுக் காட்சி என்று புரிந்துகொள்கிறோம் இல்லையா, அப்படித்தான்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஒரு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று நாவலைப் பற்றிப் பேசும்போது 'இந்த நாவலின் கருப்பொருள் வறுமை' என்று சொல்கிறோம். சங்க இலக்கியத்தில் கருப்பொருள் என்றால் மீனும் மரமும். சொல் ஒன்று, பொருள் வேறு. குழப்பம் வேண்டாம் என்றால், இன்றைய கதைகளைப் பேசும்போது மையக்கருத்து என்று எழுதிவிடுங்கள். அதிலும் 'வறுமை' என்று ஒரே சொல்லில் நிறுத்தாதீர்கள். வறுமையைப் பற்றி அந்தக் கதை என்ன சொல்கிறது என்பதுதான் மையக்கருத்து. 'வறுமை ஒரு வீட்டில் முதலில் பறிப்பது பேச்சை' என்று ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் கதையைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சரி, மீனுக்கு வருவோம். அந்த வாளை மரம் ஏறவில்லை, துள்ளவில்லை, தேடவும் இல்லை. இருந்த இடத்தில் இருந்தது. பழம் தானாகக் கனிந்து, தானாக உதிர்ந்து, அதன் வாயருகே விழுந்தது. அவள் சொல்ல வருவது இதுதான்: "நான் உன் புருஷனைத் தேடிப் போகவில்லை. அவன்தான் தானாக வந்து விழுந்தான்." இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊரைப் பற்றிப் பேசுவது மாதிரி மரத்தையும் மீனையும் சொல்லிவிட்டுப் போகிறாள். கேட்பவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். இதற்குத்தான் உள்ளுறை என்று பெயர். கருப்பொருளைக் கொண்டு ஒரு காட்சியைக் காட்டி, அதற்குள்ளே மனிதர்களைப் பற்றிய செய்தியை ஒளித்து வைப்பது. தெய்வத்தைத் தவிர்த்த மற்றக் கருப்பொருள்கள்தாம் இதற்கு இடம் என்று தொல்காப்பியம் வரம்பும் கட்டியிருக்கிறது. இறைச்சி என்று உள்ளுறைக்குப் பக்கத்தில் இன்னொன்று உண்டு. அதன் எல்லை பற்றி உரையாசிரியர்களே ஒருமித்துச் சொல்வதில்லை. பள்ளிப் பருவத்தில் உள்ளுறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

இந்த மாதிரி மறைத்துச் சொல்வது நமக்குப் புதிதில்லை. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று ஒருவர் சொன்னால் நாம் ஆற்றைத் தேடிப் போவதில்லை. குறளில் "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்று ஒன்று இருக்கிறது. மயில் இறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்கிறார் வள்ளுவர். குறளில் வேறு எதுவும் இல்லை, வண்டி மட்டும்தான். அது இருக்கும் அதிகாரம் வலியறிதல். சின்னச் சின்னப் பகைவர்கள்தானே என்று நினைக்கும் அரசனுக்குச் சொன்ன செய்தி அது என்பதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அணி இலக்கணத்தில் இதைப் பிறிது மொழிதல் என்பார்கள். உள்ளுறைக்கு நெருங்கிய சொந்தம்.

கண்ணாடிப் பொம்மை

இனி பாட்டின் உயிரான இடம். "கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல." இது உவமை. ஒப்பிடக் கொண்டுவந்த பொருள் ஆடிப் பாவை, அது உவமானம் (பள்ளிப் புத்தகத்தில் சுருக்கமாக உவமை). ஒப்பிடப்படுகிறவன் தலைவன், அவன் உவமேயம். இரண்டையும் இணைக்கும் 'போல' உவம உருபு. அன்ன, ஒப்ப, நிகர, மான என்று வேறு உருபுகளும் உண்டு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, எதிரே இருப்பவர் செய்வதை அப்படியே செய்வது. அது பொதுத்தன்மை.

தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. "வினைபயன் மெய்உரு என்ற நான்கே" என்று அது தொடங்கும். வினையால் ஒப்பிடலாம், பயனால் ஒப்பிடலாம், வடிவத்தால் ஒப்பிடலாம், நிறத்தால் ஒப்பிடலாம். புலி போலப் பாய்ந்தான் என்பது வினை. மழை போன்ற கை என்றால் பயன், இரண்டும் கொடுக்கின்றன. உடுக்கை போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பொன் போன்ற மேனி என்றால் உரு, நிறம். நம் ஆடிப் பாவை எந்த வகை? வினை. தலைவன் பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கிறான் என்று அவள் சொல்லவில்லை, பொம்மை மாதிரி நடந்துகொள்கிறான் என்கிறாள். உவமையைக் கண்டதும் இந்த நான்கில் எது என்று கேட்டுப் பாருங்கள். விளக்கம் எழுத வரி தானாக வரும்.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பொம்மலாட்டப் பொம்மையும் ஆட்டுவிக்கிறபடி ஆடும். ஆனால் அதற்குக் கனம் உண்டு, கயிறு உண்டு, சில நேரம் சிக்கிக்கொள்ளும். கண்ணாடி உருவத்துக்கு எதுவுமே கிடையாது. எதிரே ஆள் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. "எம்மில்" பெருமொழி பேசியவனுக்குத் "தம்மில்" தனக்கென்று ஓர் இருப்பே இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அதோடு 'மனைவி' என்று சொல்லாமல் 'புதல்வன் தாய்' என்கிறாள். "நீ இப்போது ஒரு பிள்ளைக்கு அம்மா, இளமை போய்விட்டது" என்ற குத்தல் அதற்குள் இருப்பதாகவே நான் வாசிக்கிறேன். ஒரு பாட்டை வாசிப்பது என்றால் இப்படி ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லை வைத்துப் பார்ப்பதுதான். 'மனைவிக்கே' என்று மாற்றிப் படியுங்கள், குத்தல் காணாமல் போகும்.

'மேவன செய்யும்' என்ற தொடரைப் பார்த்ததும் சிலருக்கு ஒரு குறள் நினைவுக்கு வந்திருக்கும். "தேவ ரனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்." கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் இருவருமே மனம்போல நடக்கிறார்கள். புகழ்வது மாதிரி தொடங்கி அடியோடு கவிழ்க்கிறது. இது வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போலப் பழிப்பதும், பழிப்பது போலப் புகழ்வதும் இதில் அடங்கும்.

சொல்லைத் திருப்பினால் உருவகம்

உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ் ஒரு சின்னத் திருப்பலில் காட்டிவிடுகிறது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று இது. 'தாமரை முகம்' என்றால் தாமரை போன்ற முகம். 'போன்ற' என்பது மறைந்திருக்கிறது, எனவே உவமை. 'முகத்தாமரை' என்று திருப்புங்கள். முகமாகிய தாமரை. முகம் வேறு, தாமரை வேறு என்ற நிலை போய்விட்டது, எனவே உருவகம். மலரடி, அடிமலர். தேன்தமிழ், தமிழ்த்தேன். சொன்ன பொருள் முன்னால் வந்து, கொண்டுவந்த பொருள் பின்னால் போனால், நடுவில் 'ஆகிய' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் உருவகம். காமராசரைக் 'கல்விக்கண் திறந்தவர்' என்கிறோமே, அதில் கல்வியாகிய கண் இருக்கிறது. சோகக்கடல், கோபத்தீ என்று நாள் முழுக்க உருவகத்தில்தான் பேசுகிறோம்.

உருவகத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இரண்டு விளக்குகளைக் காட்டுகிறேன். பொய்கையாழ்வார் ஒரு விளக்கு ஏற்றுகிறார்: "வையம் தகளியா வார்கடலே நெய்யாக வெய்ய கதிரோன் விளக்காக." தகளி என்றால் அகல். பூமியே அகல், அதைச் சூழ்ந்த கடலே நெய், சூரியனே சுடர். பூதத்தாழ்வார் இன்னொரு விளக்கு ஏற்றுகிறார்: "அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக இன்புருகு சிந்தை இடுதிரியா." இங்கே அன்பு அகல், ஆர்வம் நெய், உருகும் மனம் திரி. அகலும் நெய்யும் இரண்டிலும் உண்டு. ஒன்று வானம் அளவு பெரிது. மற்றது ஒருவர் நெஞ்சுக்குள் அடங்கிவிடும். இரண்டையும் அடுத்தடுத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். இரண்டாவதில் 'திரி' வந்ததும் வெளிச்சத்தோடு சேர்ந்து எரிவதும் வந்துவிடுகிறது.

சில உருவகம் பாதியில் நின்றுவிடும். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" என்ற குறளில் பிறவி கடலானது, ஆனால் இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லவில்லை. இப்படி ஒன்றை உருவகித்து அதற்கு இணையான மற்றதை விட்டுவிடுவது ஏகதேச உருவகம். தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல் பொருளணிகள் மட்டும் 35 என்று கணக்கு வைத்திருக்கிறது. அத்தனையையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. உவமையும் உருவகமும் கைவசப்பட்டால் மற்றவை பெரும்பாலும் இவற்றின் பிள்ளைகள் என்று தெரியும்.

காதுக்கு

இனி நம் பாட்டைப் பொருளை மறந்துவிட்டு ஓசைக்காக மட்டும் படியுங்கள். முதல் வரி 'கழனி' என்று தொடங்குகிறது, இரண்டாம் வரி 'பழன' என்று தொடங்குகிறது. இரண்டாம் எழுத்து 'ழ' இரண்டிலும் ஒன்று. இது எதுகை. மூன்றாம் வரியில் எம்மில், தம்மில். அதுவும் எதுகைதான், ஒரே வரிக்குள் வருகிறது. 'கையும் காலும்' முதல் எழுத்தில் ஒன்றுகின்றன. அது மோனை. அ, ஆ, ஐ, ஔ ஒரே இனம் என்பதால் கை, கா இரண்டும் மோனையாகும். எதுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதல் எழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருக்க வேண்டும். ஆடிப் பட்டம் தேடி விதை என்பதில் ஆ, தே இரண்டும் நெடில். சரியாக வந்துவிட்டது. அந்தப் பழமொழியை முதலில் சொன்ன உழவர் யாப்பிலக்கணம் பார்த்துச் சொல்லவில்லை. காது சொன்னது. "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பதில் மோனை எத்தனை இடத்தில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

'கதூஉம்' என்பதில் இருக்கும் அந்த 'உ' அளபெடை. 'தூ' என்ற நெடில் இன்னும் நீள்வதைக் காட்ட எழுதப்படுகிறது. செய்யுளின் ஓசைக்காக வருவது என்று இலக்கணம் சொல்லும். எனக்கோ அங்கே மீன் வாயைத் திறந்து பழத்தைக் கவ்வும் நேரம் கேட்கிறது. இன்னொன்று: பாட்டின் எல்லா வரியிலும் நான்கு சீர். கடைசிக்கு முந்தைய வரியான "ஆடிப் பாவை போல" மட்டும் மூன்று சீர். நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையின் இலக்கணம் அது. உவமை வந்து நிற்கும் இடமும் வரி குறுகும் இடமும் ஒன்றாக இருப்பதால், கண்ணாடி முன்னால் நாமும் ஒரு நொடி நின்றுவிடுகிறோம்.

கதை என்று வந்தால்

கதை பற்றிய சொற்களுக்குச் சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம், கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால். நடந்தவை நடந்த வரிசையில் இருந்தால் அது கதை. ஆசிரியர் அவற்றை எந்த வரிசையில், எதை மறைத்து, எதை முன்னால் காட்டிச் சொல்கிறார் என்பது கதைப்பின்னல். கோவலன் ஏன் கொலையுண்டான் என்பதற்குக் காரணமான முற்பிறவிச் சம்பவம் காலத்தால் எல்லாவற்றுக்கும் முந்தியது. இளங்கோ அதை 30 காதைகளில் 23ஆவது காதையில்தான், மதுரை எரிந்த பிறகு, மதுரைத் தெய்வத்தின் வாயால் சொல்கிறார். முதலிலேயே சொல்லியிருந்தால் கோவலன் தண்டனைக்குப் போகும் குற்றவாளியாகத் தெரிந்திருப்பான். இப்போது கண்ணகியின் கோபம் முழுவதையும் நாமும் அனுபவித்த பிறகே அந்தச் செய்தி கிடைக்கிறது.

முரண்நகை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கோவலன் மதுரையில் பொற்கொல்லனைப் பார்க்கிறான். "அரசன் தேவிக்கு ஏற்ற காற்சிலம்பு ஒன்று இருக்கிறது, விலை மதிப்பிட முடியுமா?" என்று கேட்கிறான். தேவியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லனே என்று கோவலனுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்துவிடுகிறது. பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகனுக்குத் தெரிந்திருப்பதால் வரும் பதைப்பு அது. இன்னொரு வகை, தொடக்கத்தில் திருமண வாழ்த்தில் இருக்கிறது. "காதலற் பிரியாமல் கவவுக்கை ஞெகிழாமல் தீதறுக" என்று பெண்கள் பூத்தூவி வாழ்த்துகிறார்கள். தழுவிய கை தளராமல் இருக்கட்டும் என்ற அந்த வாழ்த்தில் எதுவுமே பலிக்கவில்லை. கதை தெரிந்து இரண்டாம் முறை படிக்கும்போது அந்த வரியைத் தாண்டிப் போவது கஷ்டம்.

மதுரைக்குள் நுழையும் முன்னால் மதில் மேல் கொடிகள் அசைகின்றன. "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார் இளங்கோ. கொடி காற்றில் அசைவது இயல்பு. 'வராதீர்கள்' என்று கைகாட்டுவதாகச் சொன்னது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொன்னது, எனவே தற்குறிப்பேற்ற அணி. பின்னால் வரப்போவதை முன்னாலேயே கோடி காட்டுவதால் முன்னுணர்த்தலும்கூட. ஒரே வரிக்கு இரண்டு பெயர் பொருந்தலாம், அதில் தப்பே இல்லை.

சிலம்பு இந்தக் காப்பியத்தில் குறியீடு. முதலில் அது ஒரு நகை. அப்புறம் தொழில் தொடங்க முதல். அப்புறம் பொய்க் குற்றத்துக்குச் சான்று. கடைசியில் உடைந்து மாணிக்கப் பரல் தெறிக்கும்போது நீதி. ஒரு பொருள் தான் இருந்தபடியே இருந்து, தன்னைவிடப் பெரிய ஒன்றையும் சுமந்தால் அது குறியீடு. குறியீட்டைத் தேடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். கதையில் வரும் ஒவ்வொரு குடையும் ஒவ்வொரு மழையும் குறியீடு ஆகிவிடாது. திரும்பத் திரும்ப வருகிறதா, முக்கியமான திருப்பத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கொக்கு

படிமம் என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்திருந்தேன். சொற்களால் ஒரு காட்சியைப் புலன்களுக்கு எட்டும்படி நிறுத்துவது படிமம். கண்ணுக்கு மட்டும் என்றில்லை, ஓசையும் மணமும் தொடுதலும் அதில் வரலாம். இதற்குக் கபிலரின் குறுந்தொகைப் பாட்டு, 25ஆவது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவி கூற்று. அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு நினைவு வந்தவளாக, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். குருகு என்றால் இங்கே கொக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்த பெயர்களை வைத்து நீங்களே தொடங்கலாம். 'தினைத்தாள் அன்ன' என்பதில் உருபு எது, நான்கு வகையில் எது என்று பாருங்கள். வடிவமா, நிறமா? 'சிறுபசுங்கால்' என்று இரண்டையும் கபிலரே சொல்லிவிட்டார். எது உள்ளுறையாக இருக்கும்? கொக்கு மீனுக்காகக் காத்திருந்து கொத்திக்கொண்டு போய்விடும் பறவை என்பதை அவனோடு சேர்த்து யோசியுங்கள். எதுகை இரண்டாம் அடியிலேயே இருக்கிறது, தேடிப் பிடியுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் அவள் ஏன் அந்தக் காலை அவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். வாழ்க்கையே மாறிப்போன ஒரு நாளில், யாரும் பார்க்காத இடத்தில், அவள் கண் ஒரு கொக்கின் மெல்லிய பச்சைக் காலில் போய் நின்றிருக்கிறது. அந்த நாள் உண்மை என்று சொல்ல அவளிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அதுதான். அந்தச் சாட்சியும் அவர்களைப் பார்க்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.